காரின் கறுப்புப் பிளாஸ்டிக் வெளுத்துவிட்டதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

திருகோணமலையில் ஒரு கார் எத்தனை காலம் வெயிலில் நின்றது என்று அறிய மீட்டரைப் பார்க்க வேண்டியதில்லை. வைப்பருக்குக் கீழே இருக்கும் கறுப்புத் தட்டைப் பார்த்தால் போதும். நிலாவெளிப் பக்கம் கடலோரமாக நிற்கும் வண்டிகளில் அந்தத் தட்டு சாம்பல் நிறத்தைக் கடந்து வெள்ளைக்கே போயிருக்கும். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது. அந்த இடைவெளியில் எல்லோரும் இருந்த வண்டியையே ஓட்டினார்கள். பெயின்ட் பொலிஷ் போட்டால் பளபளக்கிறது, ஆனால் பம்பரின் ஓரமும் கதவோரப் பட்டையான பீடிங்கும் பக்கக் கண்ணாடியின் உறையும் வண்டிக்கு முன்பே முதுமை அடைந்துவிட்டன.

வெளுப்பு என்றால் எல்லாம் ஒன்றல்ல. பார்வைக்கு ஒரே மாதிரியான வெள்ளைக்கு நான்கைந்து காரணங்கள் உண்டு, ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு வேலை செய்யாது. கடைக்குப் போய்ப் போத்தல் வாங்குவதற்கு முன் எந்த வெள்ளை என்று கண்டுபிடியுங்கள்.

முதலில் தண்ணீர்ச் சோதனை

வண்டியை நிழலில் நிறுத்தி, சந்தேகமான இடத்தைக் கழுவி, ஈரமாக இருக்கும்போதே உற்றுப் பாருங்கள்.

ஈரத்தில் நல்ல கறுப்பாகி, காய்ந்ததும் சாம்பலாகத் திரும்பினால் அது வெயிலால் வந்த வெளுப்பு, மீட்கலாம். ஈரத்திலும் வெள்ளை அப்படியே நின்றால் மேலே ஏதோ படிந்திருக்கிறது: மெழுகு, உப்பு, சுண்ணாம்பு, சீமெந்துத் தூசி, இவற்றில் ஒன்று. ஈரத்தில் ஓரளவு கறுத்து, விரலால் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டினால் மேற்பரப்பே சிதைந்துவிட்டது.

ஈரத்தில் ஏன் கறுக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மீதி முழுவதும் தானாகப் புரியும். இந்தப் பாகங்களில் பெரும்பாலானவை பொலிப்புரொப்பிலீனோடு ரப்பரும் டால்க் பொடியும் கலந்து வார்த்தவை. கறுப்பு நிறம் தருவது காபன் கறுப்பு, அது எளிதில் வெளுப்பதில்லை. புற ஊதாக் கதிர் சிதைப்பது அதைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கை. மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டாகி அவற்றுள் காற்று நிற்கிறது. அந்த வெடிப்புகளில் பட்ட ஒளி நாலாபக்கமும் சிதறுவதால்தான் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீர் அந்த வெடிப்புகளை நிரப்பும்போது சிதறல் குறைந்து, அடியில் இருக்கும் கறுப்பு வெளியே தெரிகிறது. தேங்காயெண்ணெய், டயர் பொலிஷ், விலை உயர்ந்த செரமிக் பூச்சு என எல்லாமே செய்வது இந்த ஒரே வேலைதான். நிரப்பியது எத்தனை நாள் அங்கே தங்கும், தங்கியிருக்கும்போது பாகத்துக்கு என்ன செய்யும் என்பதில்தான் வித்தியாசம்.

பெயின்டை ஒட்டிய ஓரத்தில் மட்டும் வெள்ளைக் கோடுகள்

இது மெழுகு பொலிஷின் மிச்சம். பொலிஷ் போட்டவரின் துணி பெயின்டைத் தாண்டி வந்திருக்கிறது. சொரசொரப்பான பிளாஸ்டிக்கின் குழிகளுக்குள் மெழுகு புகுந்து காய்ந்து நிற்கும், கழுவினால் போகாது.

பள்ளிக்கூடப் பிள்ளையின் அழிறப்பர் ஒன்றை எடுத்து அழுத்தித் தேயுங்கள், பெரும்பாலும் அதுவே போதும். பிடிவாதமாக நின்றால் வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து, பழைய பல்துலக்கும் தூரிகையால் வட்டமாகத் தேய்த்து அலசலாம். இணையத்தில் கச்சான் பட்டர் பூசச் சொல்வார்கள். அதிலுள்ள எண்ணெய் மெழுகைக் கொஞ்சம் இளக்கும் என்பது உண்மைதான். ஆனால் பிறகு அந்த எண்ணெயைக் கழுவ வேண்டும், எறும்பு வேறு வரும்.

அடுத்த முறை பொலிஷ் போடும்போது ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள்.

சொட்டுச் சொட்டாக வளையங்கள், வழிந்த தடங்கள்

கிணற்று நீரில் கழுவும் வண்டிகளில் அதிகம் காணலாம். உப்புவெளி, நிலாவெளி போன்ற கரையோர மணல் நிலத்துக் கிணறுகளில் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பாகவோ வன்னீராகவோ இருக்கும். வெயிலில் நின்று காயும்போது தண்ணீர் போய்விடும், கல்சியம் உப்பு மட்டும் வளையமாகத் தங்கும். கந்தளாய்க் குளத்திலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் இருந்தால் கடைசி அலசலுக்காவது அதைப் பயன்படுத்துங்கள்.

படிந்ததைப் போக்க வினாகிரியும் தண்ணீரும் சம அளவு கலந்து துணியில் நனைத்து, வளையத்தின் மீது சில நிமிடங்கள் வைத்து, தூரிகையால் தேய்த்து நிறைய நீரால் அலசுங்கள். வீட்டில் வேலை நடந்து சீமெந்துத் தூசி படிந்திருந்தாலும் இதே முறைதான், சீமெந்து காரம் என்பதால் அமிலத்துக்கு இளகும். ஆனால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சித் தளர்ந்த தூசியை ஓடவிடுங்கள். உலர்ந்த தூசியைத் துணியால் துடைத்தால் அருகிலுள்ள பெயின்ட் முழுவதும் கீறல் விழும். வினாகிரியைச் சூடான பெயின்டில் காயவிடாதீர்கள், முற்றத்துச் சீமெந்துத் தரையிலும் சொட்டவிடாதீர்கள், தடம் விழும். இன்னொன்று, வினாகிரியோடு எக்காரணம் கொண்டும் குளோரின் கலந்த வெளுப்பானைச் சேர்க்கக் கூடாது. நச்சு வாயு வெளிவரும்.

மேற்பக்கம் சாம்பல், கீழ்ப்பக்கம் கறுப்பு

இதுதான் நம்மூரின் தலையாய நோய். பக்கக் கண்ணாடி உறையின் மேற்புறம் வெளுத்திருக்கும், அதே உறையின் அடிப்புறம் கம்பனியிலிருந்து வந்த நாள் போல இருக்கும். திருகோணமலை பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் எட்டரை பாகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அதனால் வானத்தைப் பார்த்துக் கிடக்கும் பாகங்கள்தான் முதலில் சாகின்றன: வைப்பர்த் தட்டு, பம்பரின் மேல்விளிம்பு, கூரைக் கம்பியின் உறை. ஒரே பக்கமாக வண்டியை நிறுத்துகிறவர்களுக்கு மேற்குப் பார்த்த கதவின் பீடிங்கும் சேர்ந்து போகும்.

இதைச் சரிசெய்வதில் முக்கால்வாசி வேலை கழுவுவது. பூசுவது கால்வாசிதான். ஆனால் எல்லோரும் காசைச் செலவழிப்பது அந்தக் கால்வாசியில்.

பாத்திரம் கழுவும் திரவத்தை வெந்நீரில் கலந்து நைலோன் தூரிகையால் தேயுங்கள். மெழுகு சேர்ந்த கார் ஷாம்பூ இங்கே உதவாது, எண்ணெயை நீக்க வந்த இடத்தில் இன்னொரு படலத்தை ஏற்றிவிடும். முதல் தடவை தேய்க்கும்போது நுரை பழுப்பாக வரும். அது பல ஆண்டுப் புழுதியும், யாரோ எப்போதோ பூசிய டயர் பொலிஷும். அலசிவிட்டு மறுபடி தேயுங்கள். நுரை வெள்ளையாகவே நிற்கும்வரை இதைத் தொடருங்கள். பிறகு சுத்தமான தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். தண்ணீர் முத்து முத்தாக உருண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. படலமாகப் பரவி நின்றால் பிளாஸ்டிக் வெறுமையாகிவிட்டது. இந்த நிலை வராமல் பூச்சுப் போத்தலின் மூடியைத் திறக்காதீர்கள்.

காயவிடுவதிலும் கவனம் வேண்டும். சொரசொரப்புக்குள்ளும் மூட்டுகளுக்குள்ளும் ஒளிந்திருக்கும் நீர் பூச்சு போட்ட பிறகு வெளியே வந்து கோடு போடும். துவாயால் ஒற்றி, நிழலில் ஒரு மணி நேரமாவது விட்டுவிட்டு, கடைசியில் ஐசோபுரோப்பைல் அற்ககோலும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடையுங்கள். அருகில் நெருப்பு இருக்கக் கூடாது. மருந்துக்கடையில் ஸ்பிரிட் என்று கேட்டு வாங்குபவர்கள் லேபிளைப் படிக்க வேண்டும். சில வகை ஸ்பிரிட்டில் ஆமணக்கெண்ணெய் சேர்ந்திருக்கும், பட்ட பாடெல்லாம் வீணாகும்.

எப்போது பூசுவது? கடற்கரை ஊரில் இது சாதாரணக் கேள்வியல்ல. முற்பகல் ஏறியதும் கடல்காற்று எழுந்து, கழுவிய வண்டியின் மீது மெல்லிய உப்புப் படலத்தைப் போட்டுவிடும். இன்று கழுவி நாளை பூசலாம் என்று விட்டால் உப்பின் மேல்தான் பூசுவீர்கள். கழுவுவதும் பூசுவதும் ஒரே காலையில் முடிய வேண்டும். விடியலில் தொடங்கினால் கடல்காற்றுக்கு முன் வேலை தீரும், பிளாஸ்டிக்கும் சூடேறியிருக்காது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் நடுவாண்டு மாதங்களில் உப்போடு புழுதியும் சேரும் என்பதால் மூடிய கராஜ் கிடைத்தால் நல்லது. ஒக்டோபர் கடைசியிலிருந்து வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிட்டால் செரமிக் பூச்சைத் தொடவே வேண்டாம். அது இறுக மழையும் பனியும் படாமல் லேபிளில் சொன்ன நேரம், பெரும்பாலும் பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு மணி நேரம், இருக்க வேண்டும்.

எதைப் பூசுவது? என் தீர்ப்பு இது. வண்டியை விற்கப் போகிறீர்கள் என்றால் டிரிம் எனப்படும் இந்தக் கறுப்புப் பாகங்களுக்கென்று வரும், தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட சாதாரணத் திரவம் போதும், சில வாரம் நிற்கும். வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் பிளாஸ்டிக்குக்கென்றே வரும் செரமிக் பூச்சு. அது வெடிப்புகளுக்குள் இறங்கி இறுகிவிடுவதால் மழையில் கரையாது. சிறிய போத்தல் ஒன்று ஒரு காருக்குத் தாராளம். லேபிளில் இரண்டு ஆண்டு என்றிருந்தால் இந்த வெயிலுக்கு ஓராண்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பூசும்போது கையுறை அணிந்து, பஞ்சில் சில துளிகள் விட்டு, ஒரு பாகத்தை முழுதாக முடித்த பிறகே அடுத்ததுக்குப் போங்கள். நடுவில் நிறுத்தினால் நிறுத்திய இடம் கோடாகத் தெரியும். ஓரிரு நிமிடங்களில் மீதியைத் துணியால் மென்மையாக ஒற்றி எடுத்துவிடுங்கள். பெயின்டில் பட்டதை உடனே துடைக்க வேண்டும், இறுகினால் பொலிஷ் போட்டு அரைத்துத்தான் எடுக்க முடியும்.

பூசிய பிறகு திட்டுத் திட்டாக இருக்கிறது

பழைய எண்ணெய் போகாத இடத்தில் பூச்சு பிடிக்கவில்லை. அல்லது மிகவும் வெளுத்த இடம் அதிகமாக உறிஞ்சிவிட்டது. இரண்டையும் பிரித்தறிய மறுபடி தண்ணீரைத் தெளியுங்கள். ஈரத்தில் எல்லாம் ஒரே கறுப்பாகத் தெரிந்தால் உறிஞ்சல்தான், இரண்டாம் பூச்சில் சமமாகும். செரமிக் என்றால் லேபிளில் குறித்த இடைவெளிக்குள் அதைப் போட்டுவிட வேண்டும். ஈரத்திலும் திட்டு தெரிந்தால் அடியில் எண்ணெய். இரண்டாம் பூச்சு போட்டு மூடப் பார்க்காதீர்கள், திட்டு இன்னும் தெளிவாகத் தெரியும். அந்தப் பாகத்தை மட்டும் கழுவித் தேய்த்து அற்ககோலால் துடைத்து முதலிலிருந்து தொடங்குங்கள்.

முதல் மழையில் கறுப்பு வழிந்து கதவில் கோடு விழுகிறது

‘அண்ணன், டயர் பொலிஷும் அடித்துவிடட்டுமா?’ என்று கழுவுமிடத்தில் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லத் தயங்காதீர்கள். சிலிக்கோன் எண்ணெய் கலந்த அந்தத் திரவம் வெடிப்புகளை நிரப்பும், ஆனால் இறுகாது. மழை பெய்தால் அடியில் கிடந்த அழுக்கையும் இழுத்துக்கொண்டு கீழே வழியும். வெயில் காலத்தில் புழுதியைப் பிடித்துவைக்கும். கிண்ணியாப் பக்கம் ஒரு நடை போய் வந்தால் பம்பர் செம்மண் பூசியது போலாகிவிடும்.

தொட்டால் பிசுபிசுக்கிறது என்றாலும் காரணம் இதே. உலர்ந்த துணியால் ஓங்கித் தேய்த்து மிச்சத்தை எடுத்தால் வழிதல் நிற்கும். முழுவதும் நீக்க நுரை வெள்ளையாகும்வரை கழுவுவதுதான் வழி.

வீட்டு வைத்தியங்களையும் இங்கேயே சொல்லிவிடலாம். தேங்காயெண்ணெய் ஒரு நாள் அழகு காட்டும், பிறகு புழுதி ஒட்டும், நாளாகச் சிக்குவாடை வரும். மண்ணெண்ணெய், டீசல், பழைய எஞ்சின் ஒயில் மூன்றையும் கிட்டவே கொண்டுவராதீர்கள். கதவுக் கண்ணாடியை ஒட்டிய ரப்பர் பட்டைகளும் பிளாஸ்டிக்கில் கலந்திருக்கும் ரப்பரும் பெரும்பாலும் பெற்றோலிய எண்ணெயைக் குடித்து ஊதிப்போகும் இனம். இன்று கறுப்பாகத் தெரிவது நாளை நெளிந்து நிற்கும். சப்பாத்து பொலிஷ் அவ்வளவு கெடுதல் செய்யாது, ஆனால் வெள்ளைச் சட்டையோடு வண்டியில் சாய்ந்து நின்று பேசும் பழக்கம் உள்ளவர்கள் யோசித்துச் செய்யவும்.

விரலில் வெள்ளைப் பொடி ஒட்டுகிறது

சிதைவு ஆழமாகப் போய்விட்டது. பிளாஸ்டிக் அரிக்கப்பட்டு, உள்ளே இருந்த டால்க் பொடி வெளியே வந்து நிற்கிறது. இதன்மேல் எதைப் பூசினாலும் பொடியோடு சேர்ந்து உதிரும்.

மேற்பரப்பு வழுவழுப்பானது என்றால் 800 இலக்க உப்புத்தாளை நீரில் நனைத்து மெல்லத் தேய்த்து, பிறகு 1500 இலக்கத்தால் சமப்படுத்தலாம். அடியில் நல்ல பிளாஸ்டிக் தெரிந்ததும் கழுவி, செரமிக் பூச்சு போடுங்கள். புள்ளி புள்ளியாகச் சொரசொரப்பு உள்ள பாகத்தில் உப்புத்தாள் கூடாது, அந்தப் புள்ளிகள் போனால் திரும்ப வராது. கடினமான நைலோன் தூரிகையால் பொடியை முடிந்தவரை உதிர்த்துவிட்டு இரண்டு பூச்சு போடலாம். முழுக் கறுப்பு வராது, கருஞ்சாம்பல் வரும். அதுவும் பிடிக்காதவர்கள் பெயின்ட் அடிக்க வேண்டியதுதான்.

அடித்த கறுப்பு பெயின்ட் தோலாக உரிகிறது

பொலிப்புரொப்பிலீன் எதையும் ஒட்டவிடாத பிளாஸ்டிக். ஹாட்வெயாரில் கிடைக்கும் கறுப்பு ஸ்பிரேயை நேரே அடித்தால் அழகாகக் காயும், நகத்தால் சுரண்டினால் பட்டையாகக் கிளம்பும். இடையில் பிளாஸ்டிக் பிரைமர் எனப்படும் ஒட்டுத்திரவம் வேண்டும்.

என்ன பிளாஸ்டிக் என்று அறிய பாகத்தைக் கழற்றிப் பின்புறத்தைப் பாருங்கள். அம்புக்குறிகளுக்கு நடுவே ஆங்கில எழுத்துகள் அச்சாகியிருக்கும். ‘பிபி’ (PP) என்று தொடங்கினால் பொலிப்புரொப்பிலீன், ஒட்டுத்திரவம் கட்டாயம். பக்கத்தில் ‘ஈபிடிஎம்’ (EPDM) என்றிருந்தால் ரப்பர் கலந்தது. ‘டி’யோடு (T) இருபது என்றிருந்தால் நூற்றுக்கு இருபது பங்கு டால்க். ‘ஏபிஎஸ்’ என்றிருந்தால் பெயின்ட் ஓரளவு எளிதில் பிடிக்கும், ஆனால் அதன்மேல் தின்னரை ஊற்றித் துடைக்காதீர்கள், இளகிவிடும்.

ஏற்கெனவே உரியத் தொடங்கியதை ஒட்டுப்போட முயல வேண்டாம். நகத்தாலும் பிளாஸ்டிக் சுரண்டியாலும் முழுவதையும் எடுத்து, கழுவி, உப்புத்தாளால் லேசாகக் கீறி, ஒட்டுத்திரவம் அடித்து, பிறகு பளபளப்பில்லாத கறுப்பு அடியுங்கள். சில கார்களில் கூரைக் கம்பியும் கதவுத் தூணும் கம்பனியிலேயே பெயின்ட் அடித்தவை. அவை உரிந்தால் அது பிளாஸ்டிக் வெளுப்பு அல்ல, இந்தக் கட்டுரையின் பூச்சு எதுவும் அவற்றுக்கு உதவாது.

சூடு காட்டியதில் ஓரிடம் மட்டும் பளபளக்கிறது

ஹீட் கன் பிடித்துச் சில நொடியில் சாம்பலைக் கறுப்பாக்கும் காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். பொய்யில்லை. மேற்பரப்பு இளகி வெடிப்புகள் மூடிக்கொள்வதால் கறுப்பு திரும்புகிறது. ஆனால் பொலிப்புரொப்பிலீன் சுமார் 160 பாகை செல்சியஸில் உருகும், அந்தக் கருவியிலிருந்து வரும் காற்றோ 300 பாகைக்கு மேல் போகும். அரை நொடி அதிகம் நின்றால் சொரசொரப்பு அழிந்து கண்ணாடி போலாகும், இன்னும் கொஞ்சம் நின்றால் பாகம் நெளியும், பக்கத்துப் பெயின்ட் கொப்பளிக்கும். பிளாஸ்டிக்கிற்குள் கம்பனி சேர்த்த வெயில் காப்பு இரசாயனம் ஏற்கெனவே தீர்ந்துவிட்டதால் கறுப்பும் நெடுநாள் நிற்காது.

பளபளப்பான திட்டு விழுந்தால் அதைப் பழையபடி ஆக்க முடியாது. பளபளப்பில்லாத பூச்சால் சற்று மறைக்கலாம். என்னைக் கேட்டால் இந்தக் கருவியைக் காருக்கு எடுக்கவே கூடாது.

தட்டைக் கழற்றும்போதே நொறுங்குகிறது

வைப்பர்த் தட்டில் இது அடிக்கடி நடக்கும். வெயிலோடு எஞ்சின் சூடும் சேர்ந்து வேக வைத்ததால் பிடிக்கும் கிளிப்புகள் பிஸ்கட்டாக உடையும். இந்த நிலையில் பூச்சுக்குச் செலவழிப்பது வீண். பாகத்தின் பின்புறத்திலோ கார் ஆவணத்திலோ உள்ள இலக்கத்தைக் குறித்துக்கொண்டு பழைய உதிரிப்பாகக் கடையில் கேளுங்கள். கொண்டுவந்து காட்டும் தட்டின் மேற்புறத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், அதில் டயர் பொலிஷ் அடித்திருப்பார்கள். கிளிப் இருக்கும் காதுகளை விரலால் மெல்ல வளைத்துப் பாருங்கள். வளைந்து திரும்பினால் வாங்கலாம். வெள்ளைக் கோடு விழுந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். நல்லது கிடைத்தால் வண்டியில் பூட்டுவதற்கு முன்பே செரமிக் பூச்சைப் போட்டுவிடுங்கள். கழற்றிய பாகத்தில் மாஸ்கிங் டேப்பும் தேவையில்லை, மூலைகளும் தப்பாது.